மெக்ஸ்பரோவில் ஓர் ஈரோட்டுக்காரர்

இங்கிலாந்தைப் பற்றி இங்கிலாந்துக்காரர் எழுதியதைவிட, வெளியிலிருந்து போனவர்கள் எழுதியதைப் படிப்பதில்தான் எனக்கு ருசி அதிகம். என் பள்ளிப் படிப்பு அப்படி. பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். மற்ற பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியர் காட்டிய இங்கிலாந்தை எனக்குக் காட்டியவர் வோல்த்தேர்.

வோல்த்தேர் அங்கே ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு பிரபுவுடன் வாய்த்தகராறு, பிரபுவின் ஆட்களிடம் அடி, பிறகு பாஸ்தீய் சிறை, கடைசியில் நாட்டை விட்டே போ என்று 1726-ல் அனுப்பிவிட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தார். திரும்பி வந்து எழுதிய கடிதங்கள் 1734-ல் பிரெஞ்சில் வெளியானபோது, பாரிஸ் நீதிமன்றம் புத்தகத்தை நெருப்பில் போடச் சொன்னது. லண்டன் சந்தையில் யூதரும் முகமதியரும் கிறிஸ்தவரும் சண்டையில்லாமல் வியாபாரம் பேசுகிறார்கள் என்று அவர் எழுதினால், பாரிஸில் அது முடியவில்லையே என்று குத்திக் காட்டுகிறார் என்று பொருள். மாமியார் வீட்டுப் பெருமையைச் சொல்லித் தன் வீட்டை இடித்துரைப்பது போல.

நூறு வருஷம் கழித்து ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண்மணி போனார். 1840-ல் அவருடைய லண்டன் புத்தகம் வந்தது. அவர் பார்த்தது எரிவாயுத் தொழிற்சாலைக்குள் வெந்துகொண்டிருந்த ஆட்களையும், சிறைகளையும், தெருவில் நின்ற பெண்களையும். பெண்களை உள்ளே விடாத நாடாளுமன்றத்துக்கு ஒரு துருக்கியரின் உடையைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். வோல்த்தேரின் இங்கிலாந்தும் இவருடைய இங்கிலாந்தும் ஒரே நாடுதானா என்று சந்தேகம் வரும்.

நம்மவர்களும் போனார்கள், எழுதினார்கள். 1897-ஆம் ஆண்டிலேயே இரண்டு புத்தகங்கள். ஒன்று 'மதராஸ் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையின் ஆசிரியர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை எழுதியது, மற்றது பாதிரியார் டி. பி. பாண்டியன் எழுதியது. இரண்டும் ஆங்கிலத்தில். பிற்காலத்தில் முறையான நிருபர்களும் வந்தார்கள். 'தி ஹிந்து' பத்திரிகைக்கு 1942 முதல் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் லண்டனிலிருந்து எழுதியவர் கே. எஸ். ஷெல்வாங்கர். ஆனால் நான் இன்று எழுத வந்தது நிருபர் அட்டை எதுவும் இல்லாமல் போன ஒரு பத்திரிகை ஆசிரியரைப் பற்றி. பத்திரிகையின் பெயர் 'குடி அரசு'. 1925 மே 2-ல் ஈரோட்டில் தொடங்கிய வார இதழ். ஆசிரியர் ஈ. வெ. ராமசாமி. அப்போது அவர் இன்னும் 'பெரியார்' ஆகவில்லை. அந்தப் பட்டம் 1938-ல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில் கிடைத்தது.

அவரை ஒரு தலைவராக நமக்குத் தெரியும். ஒரு வெளிநாட்டுப் பயணியாகத் தெரிந்தவர்கள் குறைவு. ரஷ்யா போனார் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நான் கோவையில் சந்தித்த பெரியார் தொண்டர்கள்கூட மாஸ்கோவைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள், இங்கிலாந்துக்கு அரை வாக்கியம்தான்.

1931 டிசம்பர் 13-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். உடன் வந்தவர்கள் எஸ். ராமநாதனும் ஈரோடு ராமுவும். ராமநாதன் பின்னாளில், 1937-ல், ராஜாஜி அமைச்சரவையில் மந்திரியாக இருந்தவர். கப்பலின் பெயரைத் தமிழ்ப் புத்தகங்களில் 'அம்போய்ஸ்' என்று போடுகிறார்கள். பிரெஞ்சுக் கப்பல் அது. 'ஆம்புவாஸ்' என்பதுதான் உச்சரிப்பு. லுவார் நதிக்கரையில் உள்ள ஊர், லியோனார்தோ தா வின்சி உயிர் விட்ட இடம். இதைத் திருத்துவதால் வரலாறு ஒன்றும் மாறிவிடாது, ஆனாலும் பிரெஞ்சு வாத்தியாரிடம் காது திருகப்பட்டவனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

எகிப்து, கிரேக்கம், துருக்கி, பிறகு சோவியத் ரஷ்யாவில் மூன்று மாதம், பிறகு ஜெர்மனி. ஜூன் மாதத்தில் இங்கிலாந்து. அவருக்கு வயது 52. பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு சரி. ஈரோட்டு மஞ்சள், மிளகாய் மண்டியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர். நகராட்சித் தலைவராக இருந்து தண்ணீர்க் குழாய் போட்டவர். சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் விலை பேசுவார். ஒரு நாட்டைப் பார்த்தபோதும் அந்தப் புத்தி போகவில்லை என்பது என் எண்ணம்.

அவர் போய் இறங்கிய இங்கிலாந்து எப்படி இருந்தது? நம் ஊரில் வெள்ளைக்காரன் என்றால் ஜில்லா கலெக்டர், மில் மானேஜர், எஸ்டேட் துரை. எல்லாரும் குதிரையிலோ மோட்டாரிலோ போகிறவர்கள். அங்கேயோ அந்த வருஷம் ஏறக்குறைய 30 லட்சம் பேருக்கு வேலையில்லை. காப்பீட்டுப் பதிவில் இருந்த தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் சும்மா நின்றார்கள். 1931 செப்டம்பரில் பவுன் நாணயத்தைத் தங்கத்தோடு கட்டியிருந்த கயிறு அறுந்தது. அதற்குச் சற்று முன்புதான் தொழிற்கட்சி அரசாங்கம் உடைந்து, அதன் பிரதமர் ராம்சே மக்டொனால்ட் எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து 'தேசிய அரசாங்கம்' அமைத்துக்கொண்டார். அக்டோபர் தேர்தலில் 287 இடம் வைத்திருந்த தொழிற்கட்சி சுமார் 50-க்கு இறங்கியது.

இதையெல்லாம் விட அந்த ஜனங்களின் மனத்தைப் புண்படுத்தியது ஒரு விசாரணை. வேலையில்லாதவருக்குக் கொடுக்கும் உதவிப் பணம் சில மாதம் ஓடிய பிறகு, வீட்டுக்கு ஓர் அதிகாரி வருவார். வீட்டில் யார் யார் சம்பாதிக்கிறார்கள், மகளுக்கு எவ்வளவு கூலி, பாட்டிக்கு ஓய்வூதியம் உண்டா, விற்கத்தக்க சாமான் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுவார். மகன் வேலைக்குப் போனால் அப்பாவின் பணம் குறையும். அதனால் மகன் வீட்டை விட்டுத் தனியாகப் போனான். நான் அரசாங்க ஆபீஸில் எழுத்தராக இருந்தவன். நம்மூரில் முதியோர் உதவித்தொகை மனுக்கள்மீது வரும் விசாரணைக் குறிப்புகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். 'மனுதாரருக்கு மகன் உள்ளார்' என்று ஒரு வரி எழுதினால் போதும், மனு படுத்துவிடும். மகன் சோறு போடுகிறானா என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. அதனால் அந்த இங்கிலாந்து வீடுகளில் பேனாவோடு வந்து நின்ற ஆளை என்னால் நன்றாகவே கற்பனை செய்ய முடிகிறது.

ஈ.வெ.ரா.வுக்கு ஒன்பது மாதம் முன்பு இன்னொரு இந்தியரும் அந்த ஜனங்களைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தி, 1931 செப்டம்பர் கடைசியில் லங்காஷயரில் டார்வென் பக்கம் போனார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் மில்கள் மூடிக் கிடந்த ஊர். தங்கள் வேலை போனதற்குக் காரணமான ஆளைச் சுற்றி நின்று கையை உயர்த்திச் சிரிக்கும் மில் பெண்களின் புகைப்படம் உலகப் பிரசித்தம். காந்தி அவர்களிடம் ஒளிக்காமல் சொன்னது ஒரு கணக்கு: உங்களுக்கு 30 லட்சம் பேருக்கு வேலையில்லை, எங்களுக்கு 30 கோடிப் பேருக்கு வருஷத்தில் பாதி நாள் வேலையில்லை.

1932 ஜூன் 20, திங்கட்கிழமை. யார்க்ஷயரில் டான் நதிக்கரையில் உள்ள மெக்ஸ்பரோ என்ற சுரங்க ஊர். சுற்றிலும் நிலக்கரிக் குழிகள். பக்கத்திலேயே கேட்பி சுரங்கம். 1912-ல் அங்கே நடந்த வெடிவிபத்தில் 90 பேர் வரை செத்தார்கள், மீட்கப் போனவர்களும் அதில் சேர்த்தி. 1926-ல் நாடு முழுக்கப் பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் முடிந்தபோது, சுரங்கத் தொழிலாளர் மட்டும் ஏழு மாதம் போல் வெளியே நின்று, கடைசியில் பசியால் தோற்று, குறைந்த கூலிக்கு இறங்கினார்கள். அந்த ஜனம்தான் அன்றைக்குக் கூடியிருந்தது. 50,000 பேர் என்று திராவிட இயக்க நூல்கள் சொல்கின்றன. நம்மூர் மாநாட்டுக் கூட்டக் கணக்குகளைக் கேட்டுப் பழகிய எனக்கு, அதில் பாதி என்றாலும் பெரிய கூட்டம்தான்.

மேடையில் ஜார்ஜ் லான்ஸ்பரி. தோற்றுப்போன தொழிற்கட்சிக்கு நாடாளுமன்றத்தில் தலைமை தாங்கிய முதியவர். ஏழைகள் பக்கம் நின்று சிறைக்கும் போனவர், நல்ல மனிதர் என்று எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். ஈ.வெ.ரா.வுக்கு அங்கே பழக்கமானவர் சக்லத்வாலா. பார்சிக்காரர், டாடா குடும்பத்துக்கு நெருங்கிய உறவு, ஆனால் கம்யூனிஸ்ட். லண்டன் பாட்டர்சீ தொகுதியிலிருந்து இரண்டு முறை நாடாளுமன்றம் போனவர்.

விருந்தாளியாக வந்தவர் இரண்டு நல்ல வார்த்தை பேசிவிட்டு இறங்கியிருக்கலாம். ஈ.வெ.ரா. லான்ஸ்பரியை வைத்துக்கொண்டே அவர் கட்சியைப் பிடித்தார். நீங்கள் 1929 முதல் 1931 வரை ஆட்சியில் இருந்தீர்களே, இந்தியத் தொழிலாளிக்கு என்ன செய்தீர்கள் என்பது கேள்வியின் சாரம். எங்கள் நாட்டுச் சுரங்கத்தில் பத்து மணி நேர வேலைக்கு எட்டணா, நாற்பதாயிரம் பெண்கள் ஐந்தணாவுக்குப் பூமிக்குள் இறங்குகிறார்கள் என்று கணக்குச் சொன்னார். அந்தக் கூலியைப் பார்த்துக்கொண்டு உங்கள் ஆட்சி சும்மா இருந்தது என்றார்.

இந்தப் பெண்கள் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்று 1842-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதே பிரிட்டன் ஆண்ட ஜரியாவிலும் ராணிகஞ்சிலும் 90 ஆண்டு கழித்தும் பெண்கள் புருஷனோடு கூடை சுமந்து குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். 1929-ல்தான் படிப்படியாக நிறுத்துவதென்று விதி வந்தது. மெக்ஸ்பரோக் கூட்டத்தில் நின்ற ஒரு சுரங்கத் தொழிலாளியின் பாட்டிக்குக்கூடக் குழிக்குள் இறங்கிய ஞாபகம் இருந்திருக்காது. ஈரோட்டுக்காரர் சரியான இடத்தில் சரியான கணக்கை எடுத்து வைத்தார். அவர் தேடியிருந்தால் இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருந்தது. கோலார் தங்கவயல். லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி நிர்வாகம், குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

தொழிற்கட்சி மீது அவருக்கு இருந்த கோபத்துக்கு வேறு கணக்கும் உண்டு. மீரட் சதி வழக்கு அந்த ஆட்சியில்தான் நீண்டுகொண்டே போனது. பகத்சிங் தூக்கிலிடப்பட்டது 1931 மார்ச் 23, அதுவும் அந்த ஆட்சியில்தான். அடுத்த வாரமே 'குடி அரசு' பகத்சிங்கை ஆதரித்துத் தலையங்கம் எழுதியிருந்தது. லான்ஸ்பரி அந்த அமைச்சரவையில் ஒருவர்.

காந்தியும் ஈ.வெ.ரா.வும் 1925-ஆம் ஆண்டு காஞ்சிபுரம் மாநாட்டுக்குப் பிறகு ஏறக்குறைய எதிலும் ஒத்துப்போகாதவர்கள். ஒருவர் ராட்டையை எடுத்துக்கொண்டு போனார், மற்றவர் மாஸ்கோவைப் பார்த்துவிட்டுப் போனார். டார்வெனிலும் மெக்ஸ்பரோவிலும் இருவரும் சொன்னது ஒன்றுதான்: உங்கள் பசி எங்களுக்குத் தெரிகிறது, எங்கள் பசி உங்களுக்குத் தெரிகிறதா? காந்தி சிரித்துக்கொண்டு சொன்னார். ஈ.வெ.ரா.வுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

வோல்த்தேர் அயல்நாட்டைப் புகழ்ந்து சொந்த நாட்டைக் குத்தினார் என்றேன். ஈ.வெ.ரா. போன நாட்டிலேயே நின்று அந்த நாட்டுக்காரர் முகத்துக்கு நேரே பேசிவிட்டு வந்தார். அந்த வகையில் அவர் ஃப்ளோரா திரிஸ்தானுக்குத்தான் தூரத்து உறவு. ஆங்கிலேய எழுத்தாளர்களே தங்கள் நாட்டுச் சுரங்க ஊர்களைத் தேடிப் போனது இதற்கெல்லாம் பிறகு. பிரீஸ்ட்லியின் பயணப் புத்தகம் 1934-ல், ஆர்வெல்லின் விகன் புத்தகம் 1937-ல்.

ஈரோட்டுக்கு அவர் கொண்டுவந்த செய்தி என்ன? நம் பேச்சில் 'வெள்ளைக்காரன்' என்பது ஒற்றைச் சொல். அதை அவர் இரண்டாகப் பிளந்தார். அங்கேயும் மில் முதலாளி, அங்கேயும் கூலிக்காரன், அங்கேயும் பட்டினி. 1932 நவம்பரில் ஊர் திரும்பியதும் ஸ்ரீமான், திருவாளர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 'தோழர்' என்று கூப்பிடுங்கள் என்று எழுதினார். டிசம்பர் கடைசியில் சிங்காரவேலரோடு உட்கார்ந்து ஈரோட்டில் சமதர்மத் திட்டம் போட்டார்கள். 1933 அக்டோபர் 29-ல் இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று தலையங்கம் எழுதினார். டிசம்பரில் கைது, பிறகு சிறை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். 1934-ல் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்த பிறகு சமதர்மப் பேச்சின் சுருதி இறங்கியது. சில ஆண்டுகளில் திராவிட நாட்டைத் தனியாகப் பிரித்து லண்டனிலுள்ள இந்தியா மந்திரியின் நேரடிப் பார்வையில் வைக்கச் சொன்னவரும் இவரேதான். மெக்ஸ்பரோவில் லண்டன் ஆட்சியைத் திட்டியவர் அந்த லண்டனிடமே இதைக் கேட்டார் என்பது என் கண்ணுக்கு உறுத்தத்தான் செய்கிறது. பிராமண ஆதிக்கம் பெரிய ஆபத்து, ஆங்கிலேயன் அதைவிடச் சிறியது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் மெக்ஸ்பரோவில் எண்ணிய ஐந்தணா விடுபட்டுப்போனது.

அந்த 1932 கோடையில் இன்னொரு கொங்கு நாட்டுக்காரரும் கடல் கடந்திருந்தார். கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார். ஜூலை, ஆகஸ்டில் கனடாவின் ஒட்டாவாவில் சாம்ராஜ்யப் பொருளாதார மாநாடு. பிரிட்டிஷ் சாமான்களுக்கு இந்தியாவில் வரிச்சலுகை, இந்தியச் சாமான்களுக்குப் பிரிட்டனில் சலுகை என்று பேரம். இந்தியப் பிரதிநிதிகளில் அவர் ஒருவர். அவரும் பிரிட்டனின் நாடி பிடித்துப் பார்த்தவர்தான், வேறு மேஜையில் உட்கார்ந்து. சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியும் அவரே. நான்கு ஆண்டு கழித்து, 1936 ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை லண்டன் தெருவில் நின்று சினிமாப் படம் பிடித்தவர் ஜி. டி. நாயுடு. பிரிட்டனில் அவர் பார்த்ததெல்லாம் எந்திரம்.

எந்திரம் என்றதும் கோவைக்காரனுக்கு ஓல்டாம் ஞாபகம் வரவேண்டும். லங்காஷயரில் உள்ள ஊர். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய நூற்பு எந்திரக் கம்பெனியாக இருந்த பிளாட் பிரதர்ஸ் அங்கேதான் இருந்தது. நம் மில்களில் பல வருஷம் ஓடியது அந்த எந்திரங்கள்தான். 1913-ல் லங்காஷயர் இந்தியாவுக்கு அனுப்பிய துணி சுமார் 300 கோடி கஜம். 1930-களின் ஆரம்பத்தில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. பகிஷ்காரம் ஒரு பங்கு, ஜப்பான் ஒரு பங்கு, பம்பாய், அகமதாபாத் மில்கள் பெரும்பங்கு. 1932-33-ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையிலும் மில்கள் மளமளவென்று முளைத்தன. டார்வெனில் ஊதாமல் நின்ற சங்கு சிங்காநல்லூரில் ஊதத் தொடங்கியது என்று சொன்னால் ரொம்பவும் மிகையில்லை. அந்தச் சங்கைக் கேட்டு எழுந்து போனவர்களின் கூலி எவ்வளவு என்று கேட்க ஓர் ஈரோட்டுக்காரர் வேண்டியிருந்தது.

மெக்ஸ்பரோவைச் சுற்றி இருந்த சுரங்கங்கள் இன்று இல்லை. 1984-85-ல் தாட்சர் ஆட்சியோடு ஓராண்டு மோதித் தோற்றார்கள். கேட்பி 1986-ல் மூடியது, பக்கத்து மான்வர்ஸ் 1988-ல். மான்வர்ஸ் இருந்த இடத்தில் இப்போது கிடங்குகளும் கால்சென்டர்களும். யார்க்ஷயரில் கெல்லிங்லி சுரங்கம் 2015 டிசம்பரில் மூடியதோடு பிரிட்டனில் ஆழ்சுரங்க நிலக்கரியே முடிந்தது. ஆறு மாதம் கழித்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று வாக்கெடுப்பு. மெக்ஸ்பரோ அடங்கிய டான்காஸ்டர் பகுதியில் 69 சதவீதம் பேர் விலகு என்றார்கள். வந்தேறிகளால்தான் எல்லாம் போச்சு என்ற பேச்சு அங்கே அதிகம் என்று பத்திரிகைகள் எழுதின. 1932-ல் வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் ஆள் தங்கள் கட்சியையே திட்டியதை நின்று கேட்ட கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் இவர்கள்.

கோவையில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை, முன்போல் ஓடவே இல்லை. அதற்கு முன்பே மூடிய தனியார் மில்களின் நிலத்தில் அடுக்குமாடியும் வணிக வளாகமும் வந்துவிட்டன. சிங்காநல்லூர்ப் பக்கம் டீக்கடைகளில் பழைய மில் தொழிலாளிகள் இன்னமும் ஷிப்டுக் கணக்கில்தான் நேரம் பேசுவார்கள். வடநாட்டுப் பையன்கள் குறைந்த கூலிக்கு வந்துவிட்டார்கள், அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்று போன மாதம் ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். அந்தப் பையன்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கூலி கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். அது எனக்கு எதுக்குங்க சார் என்றார்.